பெருவிரல் கொள்கை, பதிப்பு ஏழு

நூற்றுப் பன்னிரண்டு கைப்பேசிகள் என் பொறுப்பில்.
புவெர்த்தோ மோன்ட் நகரில், மூன்றாம் மாடியில்,
ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தபடி
சிலோயே தீவில் யார் தன் பூட்டை எப்படித் திறக்க வேண்டும்
என்று சொல்கிறவன் நான்.

பதினான்கு எழுத்து. ஒரு எண். ஒரு குறி.
நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை புதிது.
பழசு எதுவும் திரும்பி வரக் கூடாது.
பத்துத் தவறானால் எல்லாம் அழியும்.
விரல்ரேகைக்கு அனுமதி இல்லை.
எழுதி முடித்தபோது என் மேல் எனக்கே மரியாதை கூடியது.

மார்ச்சில் ஒரு போன் அழிந்தது.
கெயோன் சால்மன் ஆலை, வெட்டு மேசை, இரண்டாம் வரிசை,
தரக் கண்காணிப்பாளர் யெர்த்தி நாவெல்கின்.
நள்ளிரவு ஷிப்டில் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
விறைத்த விரலால் பத்து முறை அடித்திருக்கிறாள்.
வெப்பநிலைப் பதிவுகள் முன்பே சர்வருக்கு வந்துவிட்டன.
இழப்பு ஏதுமில்லை என்று அறிக்கை எழுதினேன்.
"நாய் செத்த அன்னிக்குக் காலையில எடுத்த படம் ஒண்ணு இருந்துச்சு.
கம்பெனி போன்ல எடுத்தது என் தப்புதான்."
அவ்வளவுதான் சொன்னாள்.
ஏசியிருந்தால் தேவலை.

படகேறிப் போனேன்.
கடவுச்சொற்கள் எங்கெங்கே இருந்தன என்றால்,
பூட்ஸின் உட்புறத்தில், மார்க்கர் பேனாவால்;
தலைவலை டப்பாவின் மூடியில்;
சாப்பாட்டு அறைக் காலண்டரில் ஏப்ரலுக்கு நேராக
ஐந்து பேருக்கும் பொதுவாக ஒன்று:
சால்மன், இந்த வருடம், ஒரு ஆச்சரியக்குறி.
எண்ணிக்கை போதாமல் சால்மன் இரண்டு முறை.
என் விதியில் ஒன்றுகூட மீறப்படவில்லை.

சரி, விரலே திறக்கட்டும்.
யெர்த்தி பெருவிரலை வைத்தாள்.
மறுபடி வையுங்கள் என்றது போன்.
ஏப்ரனில் துடைத்துவிட்டு வைத்தாள்.
சற்றே நகர்த்தி வையுங்கள் என்றது.
பதினாறு வருட உப்பும் ஐஸும் கிருமிநாசினியும்
அந்த நுனியைக் கூழாங்கல்லாக்கி வைத்திருந்தன.
எழுதத் தெரியாதவனைக் கைநாட்டு என்போம்.
இவளுக்கு எழுதத் தெரியும், கணக்குத் தெரியும்,
செவுளைப் பார்த்தே மீன் செத்த மணி தெரியும்.
நாட்டத்தான் கையில் ஒன்றுமில்லை.

மூக்கு நுனியை வைத்துப் பார்த்தாள். வரிசையே சிரித்தது.
மூக்கை ஏற்றுக்கொண்டது போன்!
ஆனால் வேலை நேரம் முழுக்க முகக்கவசம்.

கடைசியில் இடது சுண்டுவிரலின் வெளி ஓரம்.
கத்தி பிடிக்காத, செதில் உரசாத அரை அங்குலம்.
ஆலையின் கண்ணில் படாமல் அவளிடம் தப்பிக் கிடந்தது.
அதையும் நான் கேட்டு வாங்கிப் பதிந்துகொண்டேன்.

அத்தோடு விடவில்லை.
படகில் தூங்கிக்கொண்டிருந்த முக்குளிப்பவர் எலெயூத்தேரியோவின் கட்டைவிரலை
எவனோ எடுத்துத் திரையில் ஒற்றி
மேலாளருக்கு ஒரு முத்தம் அனுப்பிவிட்டான்.
ஆள் தூங்கினால் சொல்லும் கூடவே தூங்கும்;
விரல் மட்டும் யாருக்கும் கதவைத் திறந்து விடும்.
மேலாளர் ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே பதிப்பு ஏழு:
விரல் போதும். மூன்று நாளுக்கு ஒருமுறை ஆறு இலக்க எண்.
எண்ணை மாற்றச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள்.
பத்துத் தவறானால் எதுவும் அழியாது,
பூட்டிக்கொள்ளும், என் போன் ஒலிக்கும்.
பாதுகாப்புக் குழுவில் இருவர் கையெழுத்திட மறுத்தார்கள்.
அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

நேற்று இரவு மூன்றே கால்.
குரலுக்குப் பின்னால் ஐஸ் கொட்டும் சத்தம்,
தகரத்தில் மழை.
ஆறு எண்ணும் போச்சு என்றது குரல்.
நீங்கள்தான் என்று நான் எப்படி நம்புவது?
கேட்க வேண்டிய கேள்வி, நானே எழுதியது, கேட்டேன்.
கொஞ்ச நேரம் ஐஸ் மட்டும்.
பிறகு, "மறந்தது என் தப்புதான்."

திறந்துவிட்டேன்.

அடையாளம் உறுதி செய்யப்பட்ட முறை என்ற கட்டம்
பதிவேட்டில் இன்னும் காலியாகக் கிடக்கிறது.
வெள்ளிக்கிழமை தணிக்கை.